கார் ஆம்ப் அடிக்கடி அணைகிறதா? புது ஆம்ப் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பேஸ் கனமாக விழும் இடம் வந்ததும் டிக்கியில் சத்தம் நின்றுவிடும். இரண்டு நொடியில் திரும்ப வரும், அடுத்த அடியில் மறுபடி போய்விடும். இந்தத் தொல்லை வந்தவுடன் நம் வாயில் வரும் முதல் வார்த்தை "ஆம்ப் போச்சு" என்பதுதான். ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபையர், ஸ்டீரியோவின் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி. நானும் அதைத்தான் சொன்னேன். பழையதைக் கழற்றிவிட்டு வேறொரு ஆம்ப் மாட்டினேன். அதுவும் அதே பாட்டில், அதே இடத்தில் அணைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எர்த் வயரை (ஆம்ப்பைக் காரின் உலோக உடலோடு, அதாவது பாடியோடு, இணைக்கும் வயர்) முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்டை நான் சுரண்டவே இல்லை. கோளாறு அவ்வளவுதான்.

ஆம்ப்புக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. வரும் வோல்டேஜ் அளவுக்குக் கீழே இறங்கினாலோ மேலே ஏறினாலோ, ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனாலோ, ஸ்பீக்கர் பக்கத்தின் ஓம் (மின்தடை) குறைந்து கரண்ட் எகிறினாலோ, சூடு அதிகமானாலோ, ஸ்பீக்கர் பக்கம் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கசிந்தாலோ அது ஆம்ப்பை அணைத்துவிடும். ஒவ்வொரு காரணத்துக்கும் அணையும் விதமும் நேரமும் வேறு. அதைக் கவனிக்காமல் நேராக ஸ்பானரைத் தூக்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

விளக்கைப் பார்க்காமல் இருப்பது

டிக்கியையோ சீட்டையோ திறந்து வைத்து ஆம்ப்பின் விளக்கு கண்ணில் படும்படி ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் முன்னால் இருந்து வால்யூமைக் கூட்டட்டும். சத்தம் நிற்கும் அந்த நொடியில் விளக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

விளக்கு அடியோடு அணைந்தால் ஆம்ப்புக்குக் கரண்டே போகவில்லை என்று பொருள். பிளஸ் வயர், எர்த், ரிமோட் வயர் (ஸ்டீரியோ போட்டதும் ஆம்ப்பை எழுப்பும் மெல்லிய வயர்), இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். விளக்கு நிறம் மாறினால் (பெரும்பாலும் பச்சையிலிருந்தோ நீலத்திலிருந்தோ சிவப்புக்கு) ஆம்ப் ப்ரொடெக்ட் நிலைக்குப் போயிருக்கிறது, அதாவது காவல் சர்க்யூட் அதை நிறுத்தியிருக்கிறது. அப்போது ஸ்பீக்கர் பக்கம், சூடு, வோல்டேஜ் இறக்கம், உட்கோளாறு ஆகியவற்றைப் பார்க்கலாம். விளக்கு மாறாமல் எரிந்துகொண்டே சத்தம் மட்டும் போனால் ஆம்ப் அணையவே இல்லை. ஆர்சிஏ வயரிலோ (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் வயர்) முன்னால் இருக்கும் ஸ்டீரியோவிலோ சிக்னல் அறுபடுகிறது. அந்தக் கேஸில் எர்த் வயரை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் ஒன்றும் நடக்காது.

அப்புறம் நேரம். போட்டவுடனேயே சிவப்பு என்றால் ஷார்ட் அல்லது உட்கோளாறு. பேஸ் அடிக்கும்போது மட்டும் என்றால் வோல்டேஜ் அல்லது ஓம் கணக்கு. அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு அணைந்து, கொஞ்சம் ஆறியதும் தானாகவே வந்தால் சூடு. குழியில் ஏறி இறங்கும்போது என்றால் எங்கோ ஒரு லூஸ் கனெக்‌ஷன், அல்லது தோல் உரிந்த வயர் பாடியில் உரசுகிறது. செல்ஃப் அடிக்கும்போது ஒரு கணம் அணைந்து வருவது பல கார்களில் இயல்புதான், அதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சும்மா இருக்கும்போது மீட்டர் வைப்பது

"செக் பண்ணிட்டேன், 12.6 வோல்ட் வருது, கரண்ட் சரியாத்தான் இருக்கு." இந்த வாக்கியத்தை நம்பித்தான் நல்ல ஆம்ப்கள் பல மூலைக்குப் போகின்றன.

மல்டிமீட்டர் வோல்டேஜ் அளக்கும்போது கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் வயரில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். அதே இழை வழியாக ஆம்ப் 40 ஆம்பியர் கேட்கும்போதுதான் வேஷம் கலையும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) கொடுக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப், 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால், 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ ஒரு மோசமான இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2.25 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டர் ஓம் நிலையில் 0.05 ஓமைப் பிடிக்கவே பிடிக்காது. அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகம்.

அதனால் அளவை எப்போதும் பாட்டு ஓடும்போது, ஆம்ப்பின் டெர்மினலிலேயே எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். பேஸ் அடிக்கும் நேரத்தில் ஆம்ப் டெர்மினலில் அது 12-க்குக் கீழே போனால் தேட ஆரம்பிக்கலாம். 10 வோல்ட் பக்கம் இறங்கினால் பல ஆம்ப்கள் கையை விரித்துவிடும்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நேரடியான வழி ஒன்று உண்டு. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை ஆம்ப்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். மீட்டர் வயர் எட்டாது. ஒரு நீள ஒயரை இணைத்துக்கொள்ளலாம், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் கரண்ட் ஓடப்போவதில்லை. முனைகள் பாடியில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போது காட்டும் எண்தான் அந்த வழியில் தொலையும் வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. இதையே பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவில் செய்தால் எர்த் பக்கத்தின் கதை தெரியும். அங்கே இன்னும் குறைவாக, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

பேஸ் சட்டென்று வந்து போவதால் மலிவான மீட்டர்கள் இறக்கத்தைத் தவறவிடும். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் சில நொடி மட்டும் போட்டுப் பாருங்கள். நிமிடக்கணக்கில் ஓட விட்டால் சப்வூஃபரின் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், சூடேறி வேறு ஒரு செலவு வந்து நிற்கும்.

எர்த்தை அலட்சியமாக விடுவது

பிளஸ் வயருக்குக் காட்டும் மரியாதையை யாரும் எர்த்துக்குக் காட்டுவதில்லை. போகிற கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். பிளஸ்ஸுக்கு 4 கேஜ் (தடித்த வயரின் அளவு) போட்டுவிட்டு எர்த்துக்கு மிச்சம் மீதியில் கிடந்த மெல்லிய துண்டைப் போட்டால் பிளஸ் வயருக்குச் செலவழித்தது வீண். இரண்டும் ஒரே தடிமன் இருக்கட்டும். எர்த் வயர் முடிந்தவரை குட்டையாக, அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

இடம் தேர்வில்தான் அதிகம் சறுக்குவார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு போல்ட் இருக்கிறது என்பதற்காக சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் எர்த் மாட்டுவார்கள். அது உயிர் காக்கும் போல்ட். அதன் முடுக்கத்தில் கை வைக்கவே கூடாது. தவிர, அந்தப் போல்ட்களில் பூசியிருக்கும் பூச்சு நல்ல தொடர்பையும் தராது. பின் சீட் பிடிமானத்தின் மெல்லிய தகடு, பசையாலோ ரப்பராலோ ஒட்டிய பகுதி, டிக்கி மூடி இவையெல்லாமும் வேண்டாம். காரின் முதன்மை உலோகத் தகட்டில் ஒரு இடம் பாருங்கள். பின்னால் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் குழாயோ வயர்க்கட்டோ இல்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு துளை போடுங்கள். உப்புத்தாளால் பெயிண்ட்டையும் அதற்குக் கீழே உள்ள பிரைமரையும் பளபளக்கும் உலோகம் தெரியும் வரை தேயுங்கள். வயர் முனையில் ரிங் லக், பல் வைத்த வாஷர், போல்ட், பின்பக்கம் நட்டு. முடுக்கியபின் மேலே கொஞ்சம் பெயிண்ட்டோ கிரீஸோ பூசினால் துரு பிடிக்காது. தகட்டு ஸ்க்ரூ ஒன்றைத் திருகிவிட்டுப் போனால் அன்றைக்குப் பாடும். ஆறு மாத அதிர்வுக்குப் பிறகு குழியில் விழும்போதெல்லாம் அணையும்.

இதெல்லாம் செய்தும் எர்த் பக்கம் வோல்டேஜ் தொலைகிறதென்றால், பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் வயரைப் பாருங்கள். கம்பெனி போட்ட அந்த வயர் உங்கள் ஆம்ப்பை மனதில் வைத்துப் போட்டதல்ல. அதோடு கூடவே இன்னொரு தடித்த வயர் போட்டால் போதும்.

வயரின் தோற்றத்தைப் பார்த்து ஏமாறுவது தனிக்கதை. மேல் உறை தடியாக இருக்கும், உள்ளே இழைகள் கொஞ்சமாக இருக்கும். அல்லது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். அதே தடிமனில் அலுமினிய வயரின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வெளியே வெள்ளையாக, உள்ளே செம்பாக இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்குதான்.

ரிமோட் வயரைத் தப்பான இடத்தில் மாட்டுவது

ஆம்ப்பை எழுப்புவதும் தூங்க வைப்பதும் இந்த மெல்லிய வயர். இதில் 12 வோல்ட் இருக்கும்வரை ஆம்ப் ஓடும். வெளியில் வாங்கி மாட்டும் ஸ்டீரியோக்களின் பின்னால் இரண்டு நீல வயர்கள் இருப்பது வழக்கம். வெறும் நீலம் மின் ஆன்டெனாவுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்புக்கு. நிறம் ஒத்துப்போகிறதே என்று வெறும் நீலத்தில் மாட்டிவிட்டால் சில ஸ்டீரியோக்களில் வேடிக்கை நடக்கும். ரேடியோவில் ஆம்ப் ஜோராகப் பாடும், ப்ளூடூத்துக்கோ யூஎஸ்பிக்கோ மாற்றியதும் அணைந்துவிடும். ரேடியோ கேட்கும்போது மட்டும்தான் ஆன்டெனா வயரில் கரண்ட் வரும் என்பதே காரணம். இதற்காக ஆம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். அங்கே மேஜையில் வைத்துப் பார்த்தால் ஆம்ப் நன்றாகவே ஓடும்.

ரிமோட்டில் சந்தேகம் இருந்தால் தீர்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் வயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பின் பிளஸ்ஸுக்கும் ரிமோட் டெர்மினலுக்கும் ஒரு குட்டி வயரைப் போடுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் குற்றவாளி ரிமோட் வயர் அல்லது ஸ்டீரியோ. சோதனை முடிந்ததும் குட்டி வயரை எடுக்க மறந்துவிடாதீர்கள். ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும்.

ஸ்டீரியோவின் ரிமோட் வயர் கொடுக்கும் கரண்ட் மிகக் குறைவு. ஒரே வயரில் இரண்டு ஆம்ப், ஒரு ஃபேன், ஒரு விளக்கு என்று தொங்கவிட்டால் வோல்டேஜ் இறங்கி ஆம்ப் தள்ளாடும், ஸ்டீரியோவின் உள்சர்க்யூட்டும் பாழாகலாம். ஒரு சாதாரண ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போதும். அதன் கால்களில் எண்கள் இருக்கும். ரிமோட் வயர் 85-க்கு, எர்த் 86-க்கு, ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ் 30-க்கு, 87-லிருந்து மற்ற எல்லாவற்றுக்கும்.

காரோடு வந்த ஸ்டீரியோவில் ரிமோட் வயரே இருக்காது என்பதால் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்துத் தானாக எழும் ஆம்ப்கள் இருக்கின்றன. இவற்றில் ஸ்பீக்கர் வயரில் நிற்கும் சுமார் 6 வோல்ட் டிசியைப் பார்த்து எழுபவை ஒரு வகை, பாட்டின் சிக்னலைப் பார்த்து எழுபவை இன்னொரு வகை. இரண்டாவது வகை, வால்யூமைக் குறைத்தால் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிடும். சத்தம் கூட்டினால் ஓடுகிறது, குறைத்தால் அணைகிறது என்றால் ஆம்ப்பில் எந்த வகையில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சைத்தான் பாருங்கள்.

ஓம் கணக்கைக் கண்ணால் போடுவது

சப்வூஃபர் மேல் 4 ஓம் என்று எழுதியிருக்கிறது, ஆம்ப்பில் "2 ஓம் தாங்கும்" என்று இருக்கிறது, அப்புறம் என்ன என்று மாட்டிவிடுவார்கள். ஆனால் இரண்டு சேனலை (ஆம்ப்பின் தனித்தனி வெளியீடுகள்) ஒரே ஸ்பீக்கருக்காகச் சேர்த்து பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் பார்ப்பது பாதி ஓம்தான். ஒரு சேனலுக்கு 2 ஓம் தாங்கும் ஆம்ப், பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அதில் இரண்டு 4 ஓம் சப்வூஃபரை பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கோத்தால் மொத்தம் 2 ஓம், ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். குறைந்த வால்யூமில் பொறுத்துக்கொள்ளும், கூட்டினால் அணையும்.

இரட்டைக் காயில் சப்வூஃபர் இன்னும் குழப்பும். 4 ஓம் காயில் இரண்டை பேரலலாகக் கோத்தால் 2, சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தால் 8. அதில் 4 ஓம் வரவே வராது. 2 ஓம் காயில் இரண்டென்றால் 1 அல்லது 4. வாங்கும்போதே ஆம்ப்போடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது.

ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அந்த முனையில் மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் இயல்பு. பிறகு கோனை (ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பு) இருபுறமும் விரல் வைத்து, கோணாமல், மெதுவாக உள்ளே அழுத்துங்கள். எண் தாவினாலோ சுரண்டும் சத்தம் வந்தாலோ காயில் வெந்திருக்கிறது. அசையாதபோது நல்லவன் போல் நடித்து, பேஸில் மட்டும் ஷார்ட் ஆகும் காயில்களை இப்படித்தான் பிடிக்க முடியும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

எர்த்தை மாற்றி, ஃபியூஸை மாற்றி, ஆர்சிஏவை மாற்றி, கடைசியில் ஓடினால் எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது. நாலு நாளில் மறுபடி அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிர்த்திசையில் போவது சுலபம். ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்கள் அனைத்தையும், ஆர்சிஏவையும் கழற்றுங்கள். பிளஸ், எர்த், ரிமோட் மட்டும் இருக்கட்டும். இப்போது போட்டால் விளக்கு சரியான நிறத்தில் நிற்கிறதா? நின்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு. எதைச் சேர்த்ததும் சிவப்பு வருகிறதோ அந்த வழியில்தான் வில்லன்.

பெரும்பாலும் அது பாடியில் உரசும் ஸ்பீக்கர் வயராக இருக்கும். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கியிருக்கும், கதவு இடுக்கில் ஒவ்வொரு முறையும் மடிந்து தோல் உரிந்திருக்கும், கதவுக்குள் ஸ்பீக்கரின் டெர்மினல் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயருக்கும் காரின் பாடிக்கும் நடுவில் மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. கதவைத் திறந்து மூடியும் சீட்டை நகர்த்தியும் பாருங்கள். ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியில் கொடுக்கும் பழைய பழக்கம் இன்றைய ஆம்ப்களுக்கு ஒத்துவராது, அதுவும் ஷார்ட்தான்.

டெர்மினலில் நுழையாமல் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொடும் ஒற்றை இழையும் இதே வேலையைச் செய்யும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

கெயினை வால்யூம் போலத் திருகுவது

கெயின் என்பது ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. அதைக் கடைசி வரை திருகினால் ஆம்ப்பின் பவர் கூடாது, சிக்னலின் தலை வெட்டப்பட்டு, கரண்டும் சூடும்தான் கூடும். பேஸ் பூஸ்ட் அதைவிட மோசம். 6 டெசிபல் கூட்டினால் அந்த அலைவரிசையில் நாலு மடங்கு பவர் கேட்கும். 12 டெசிபல் என்றால் ஏறக்குறைய 16 மடங்கு. ஆம்ப்பிடம் அவ்வளவு இருந்தால்தானே கொடுக்கும்? பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்காலில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் அளங்கள். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணில் கெயினை நிறுத்துங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட்.

காரின் ஹெட்லைட் மங்குகிறது, ஆம்ப் அணைகிறது என்றதும் பெரிய கெப்பாசிட்டர் (கரண்டைச் சேமித்து வைத்துச் சட்டென்று தரும் பாகம்) ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுப்பது 26 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் வரும். மோசமான எர்த்தை அது மறைக்கக்கூட மறைக்காது.

சூடு, ஃபியூஸ் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஆம்ப்பைப் புதைக்காதீர்கள், அதன் விலாவில் இருக்கும் பள்ளங்களுக்கு மேல் காற்று ஓட இடம் விடுங்கள். சப்வூஃபர் பெட்டியின் மேலேயே திருகினால் அதிர்வில் உள்ளே இருக்கும் சால்டர் விரிசல் விடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸோ வெள்ளித்தாளோ வைப்பது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம். பேட்டரிக்கு அருகில், 45 செ.மீ.க்குள் இருக்கும் பெரிய ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது. பாட்டு ஓடியபின் அந்த ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை சுடுகிறதென்றால், அல்லது பிளாஸ்டிக் நெளிந்திருந்தால், ஃபியூஸ் போகாவிட்டாலும் தடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சிவப்பு விளக்கோடு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது

ஸ்பீக்கர் இல்லை, ஆர்சிஏ இல்லை, டெர்மினலில் 12 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக நிற்கிறது, ஆம்ப் ஆறியிருக்கிறது, ரிமோட் சரி. இத்தனைக்குப் பிறகும் சிவப்பு வந்தால் அப்போது தாராளமாகச் சொல்லலாம், ஆம்ப் போச்சு என்று. பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டரோ பவர் சப்ளையின் மாஸ்ஃபெட்டோ (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கும். "ஒருவேளை இந்த முறை வருமோ" என்று பத்து தடவை போட்டு அணைத்தால், ஒரு டிரான்சிஸ்டரோடு முடிய வேண்டியது பக்கத்தில் இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்பீக்கரை மாட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்தால் டிசி பாய்ந்து காயிலும் வேகும்.

பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு ஆம்ப்பை எடுங்கள். பிளஸ் வயரின் முனையில் டேப் சுற்றி விடுங்கள். ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கும்போது "ஓட மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாமல், ஸ்பீக்கரும் ஆர்சிஏவும் இல்லாமலேயே சிவப்பு வருகிறது என்பதையும் டெர்மினலில் எத்தனை வோல்ட் இருந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஆம்ப்போடு ஒட்டிக் கொடுங்கள்.